மிச்சம் எவ்வளவு? நாகை டவுன் பஸ்களில் ஒரு வாரம்

திங்கள், நாகப்பட்டினம்

எழும்பூரில் ஏறிய காரைக்கால் ரயில் விடியும் முன்பே நாகையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நான்கு பேர், ஆறு பை, ஐந்து டேப் (கையடக்கக் கணினி), ஒரு குடை. குடை என்னுடையது. பிப்ரவரியில் டெல்டாவுக்கு எதற்குக் குடை என்று ரயிலில் சிரித்த மூன்று பேரும் மத்தியானம் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். மழை இல்லை. வெயில்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பொதுக் கொள்கையில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. மருத்துவம் படிப்பவர்களுக்கு ஹவுஸ் சர்ஜன் மாதிரி எங்களுக்கு கேப்ஸ்டோன். பரீட்சை எழுதிவிட்டுப் போக முடியாது. நிஜமாகவே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முழிக்கிற ஒரு அரசுத் துறைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ ஒரு செமஸ்டர் முழுக்க வேலை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அவர்களை 'க்ளையன்ட்' என்போம். சம்பளம் தராத க்ளையன்ட். ரயில் டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையும் தருவார்கள். நம் பங்கு உழைப்பும் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமும்.

எங்களுக்கு வாய்த்தது பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து. தொண்டு நிறுவனம் ஒன்று கேட்கிறது. அறிக்கையை ஒரு அரசுத் துறையின் மேசையில் வைக்கப் போகிறார்கள். ஆக முதலாளிகள் இரண்டு பேர்.

திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றதும் போட்ட முதல் ஐந்து கையெழுத்துகளில் ஒன்று. மறுநாள் 8ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பிறகு திருநங்கைகளையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்களோடு துணைக்கு வருபவரையும் சேர்த்தார்கள். விடியல் பயணம் என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டை கேட்பதில்லை, எந்த ஊர் என்று கேட்பதில்லை, ஏறினால் போதும். அந்த எளிமைதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த மனுவும் எழுதாமல், எந்த ஜன்னலிலும் நிற்காமல் கிடைக்கிற அரசு உதவி வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மாநிலத் திட்டக் குழு முன்பே இதை ஆராய்ந்திருக்கிறது. மதுரை, திருப்பூரோடு இந்த நாகையிலும் ஆய்வு நடந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்ற எண்ணை நீங்கள் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். எங்கள் க்ளையன்ட்டுக்கும் அப்படி நறுக்கென்று ஒரு எண் வேண்டும். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள்: "ஒரே ஒரு ஸ்லைடு. அதுல ஒரே ஒரு நம்பர்."

குழுவைப் பற்றி: புள்ளியியல் படித்துவிட்டு வந்த பையன், பெயர் 'கணக்கு'. பேங்க் வேலையை உதறிவிட்டு முப்பத்தெட்டு வயதில் படிக்க வந்தவர், 'பேங்க் அக்கா'. ஊர்ப்பெயரே பெயராகிவிட்ட 'மன்னார்குடி', எங்களுக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளன், சாப்பாட்டு அமைச்சர். நான் திருப்பூர்க்காரி. கேள்வித்தாளை டேப்பில் ஏற்றியது நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வியாழக்கிழமை தேவைப்படும்.

கலெக்டர் ஆபீஸில் கடிதம் கொடுத்து, டீ குடித்து, கையெழுத்து வாங்கி வந்தோம். வேறு விசேஷமில்லை.

செவ்வாய், பஸ் ஸ்டாண்ட்

இன்று ஒத்திகை. கேள்வித்தாளை நிஜ மனிதர்களிடம் ஓட்டிப் பார்ப்பது. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது மூன்று நிமிடத்தில் சரிந்தது.

முதலில் ஒப்புதல் வாசகம். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு எழுத்தெழுத்தாகப் பார்த்து அனுமதித்தது. "இந்த ஆய்வில் பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம். பங்கேற்பதால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பயனும் கிடைக்காது." ஒரு பாட்டியிடம் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும்,

"கையெழுத்து போடணுமா பாப்பா?"

"வேணாம் பாட்டி."

"ஆதார் கொண்டாரலையே."

"ஆதாரும் வேணாம்."

"அப்புறம் எப்படி ஆயிரம் ரூபா வரும்?"

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து டேப்போடு தெருவில் நிற்கிற யாரைப் பார்த்தாலும் அதற்கான ஆள் என்றுதான் தோன்றும் போல. பயன் எதுவும் கிடைக்காது என்று நான் சொன்னதை அவர் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். விளக்கி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. போகும்போது, "பேரு விட்டுப்போச்சுன்னு எழுதிக்கோ" என்றார்.

ஆனால் உண்மையான அடி பதினாலாம் கேள்வியில் விழுந்தது. நான் எழுதியது இது: "இத்திட்டத்தால் உங்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சமாகிறது?" 'சேமிப்பு' என்று போட்டால் பேங்க் நினைப்பு வரும் என்று பார்த்துப் பார்த்து 'மிச்சம்' போட்டிருந்தேன். பூ விற்கும் அக்கா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிச்சமா? கையில எங்கம்மா மிச்சம் நிக்குது?"

"இல்லக்கா, டிக்கெட் எடுக்காததால..."

"அது கேஸ் சிலிண்டருக்குப் போயிடுது. மிச்சம்லாம் ஒண்ணும் இல்ல. பூஜ்யம் போட்டுக்கோ."

காலையில் கேட்ட பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் சொன்னார்கள். அவர்களுக்கு மிச்சம் என்றால் மாதக் கடைசியில் டப்பாவில் கிடப்பது. எங்களுக்கு மிச்சம் என்றால் செலவாகாமல் போனது. ஒரே சொல், இரண்டு கணக்கு. பேங்க் அக்கா லாட்ஜில் உட்கார்ந்து கேள்வியை மாற்றினார்: "இதே பஸ்ல டிக்கெட் எடுக்கறதா இருந்தா போகவர எவ்வளவு ஆகும்? மாசத்துல எத்தனை தடவை போறீங்க?" பெருக்கிக்கொள்வது எங்கள் பாடு. சாயங்காலம் மறுபடி ஓட்டினோம். ஓடியது.

ராத்திரி மன்னார்குடி நாகூருக்குக் கூட்டிப்போனான். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, கடைத்தெருவில் இறால் வாடா. நான்கு பேருக்குப் பதினாறு. அமைச்சர் தன் கடமையைச் சரியாகச் செய்கிறார்.

புதன், பஸ்ஸுக்குள்

காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை பஸ்ஸிலேயே இருந்தோம். முறை இதுதான். சீட்டுக் குலுக்கி எடுத்த தடத்தில், சீட்டுக் குலுக்கி எடுத்த நேரத்தில் ஏறு. ஏறும் பெண்களில் மூன்றாவது ஆளிடம் கேள். அவர் முடியாது என்றால் எழுதிவைத்துவிட்டு அடுத்த மூன்றாவது ஆள். சிரித்த முகமாகத் தேடிப் போய்க் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் திட்டத்தைப் பிடித்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள்.

முகப்பில் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ்ஸைத் தூரத்திலேயே பெண்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு ஆயா, "முன்னல்லாம் போர்டு என்னன்னு யாரையாச்சும் கேப்பேன். இப்ப ரோஸ் மூஞ்சின்னா ஏறிக்குவேன்" என்றார். பெயிண்ட் அடித்தவர்கள் இதை யோசித்திருப்பார்களா தெரியாது.

பணம் வாங்காவிட்டாலும் டிக்கெட் கொடுக்கிறார்கள். எதற்கு இந்தக் காகிதம் என்று முதலில் நினைத்தேன். கண்டக்டர் ஒருவர் தலைகளை எண்ணிக்கொண்டே விளக்கினார். "இது கிழிச்சாத்தான் கணக்கு ஏறும். கணக்கு ஏறினாத்தான் கவர்மென்ட்டு பஸ் கார்ப்பரேஷனுக்குப் பணம் குடுக்கும்." ஓசிப் பயணம் என்று நக்கலடிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பஸ்ஸுக்கு யாரோ டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எடுக்கும் கைதான் மாறியிருக்கிறது. அந்தச் சீட்டைப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். மடித்துப் பர்ஸில் வைப்பவர் உண்டு, ஜன்னலில் விடுபவர் உண்டு. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் சீட்டில் படகு செய்துகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "எங்களையும் கேளுங்கம்மா. காசு குடுத்துட்டு நாங்க நிக்கறோம்" என்றார். நாங்கள் கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஆட்களில் ஆண்கள் இல்லை. அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன். முன் சீட்டிலிருந்து ஒரு குரல்: "உக்காருங்க பெரியப்பா, நான் அடுத்த ஸ்டாப்புதான்." எழுந்து கொடுத்தவருடைய கையில் மகளிர் குழு நோட்டு.

அக்கரைப்பேட்டைப் பக்கம் போனபோதுதான் முதல் உறுத்தல். மீன் துறைமுகத்திலிருந்து கூடைகளோடு வரும் பெண்களை எங்கள் டவுன் பஸ் எதிலும் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவிலும் குட்டி யானையிலும்தான் போகிறார்கள். தண்ணீர் சொட்டும் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்று அவர்களே தள்ளி நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் வயதான அம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது ஞாபகம் இருக்கும். அதற்கு நடவடிக்கையும் வந்தது. ஆனால் இங்கே யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை. ஏறவே இல்லை, அவ்வளவுதான்.

"பஸ்ல ஏறினவங்ககிட்டதான கேக்கறோம்? ஏறாதவங்க எந்தக் கணக்குல வருவாங்க?" என்றேன். கணக்கு பதில் சொல்லாமல் காதைச் சொறிந்தான். அவனுக்கும் அதே யோசனை போல.

வியாழன், லாட்ஜ் அறை

இன்று பயணம் எதுவும் இல்லை. அறைக்குள்ளேயே ஒரு ஊர் சுற்றினேன்.

214 படிவம் சேர்ந்ததும் கணக்கு எல்லாவற்றையும் இறக்கி அட்டவணை போட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு, "சராசரி ரொம்பக் கம்மியா வருதே" என்றான். தேடிப் பார்த்தோம். 41 பேருக்கு மிச்சம் என்ற கட்டம் காலி. அவனுடைய நிரல் காலிக் கட்டத்தையெல்லாம் பூஜ்யமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அது அவன் தப்பு, ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டான்.

ஏன் காலி என்பது என் தப்பு. "2021க்கு முன்னால் இதே இடத்துக்கு எப்படிப் போவீர்கள்?" என்று ஒரு கேள்வி. பதில்கள்: டிக்கெட் எடுத்து பஸ், மினிபஸ், ஷேர் ஆட்டோ, நடந்து, யாராவது வண்டியில் கொண்டுவிடுவார்கள், போனதில்லை. 'போனதில்லை' என்றால் பழைய செலவைக் கேட்பதில் அர்த்தமில்லை. அதனால் அடுத்த இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போகும்படி டேப்பில் வைக்க வேண்டும். நான் அந்தப் பகுதி முழுவதையும் தாண்டும்படி வைத்துவிட்டேன். அதில் மூன்றாவது கேள்வி, "அப்போது ஏன் போனதில்லை?" மொத்தக் கேள்வித்தாளிலும் நல்ல கேள்வி அதுதான். 41 பேரிடம் கேட்கவே இல்லை. டேப் தாண்டியது, நாங்களும் பின்னாலேயே தாண்டினோம். நான்கு பேரில் ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை.

அறையில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு பேங்க் அக்கா, "சரி, அழுவறதுன்னா அழுதுட்டு வா, கணக்கைப் பாப்போம்" என்றார்.

அப்புறம்தான் சண்டை சுவாரசியமானது. சுலபமான எண்ணை வைத்துச் சொல்கிறேன். பத்துப் பெண்கள். ஆறு பேர் முன்பும் போனார்கள், இப்போது மாதம் ஆளுக்கு 500 ரூபாய் கட்டவில்லை. நான்கு பேர் முன்பு போனதே இல்லை, இப்போது 500 ரூபாய்க்கான தூரம் போய் வருகிறார்கள். சராசரி மிச்சம் எவ்வளவு? நால்வருக்கும் பூஜ்யம் போட்டால் 300. நால்வரையும் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் 500. போவதற்கெல்லாம் டிக்கெட் விலை போட்டாலும் 500தான், ஆனால் அவர்கள் அந்த 500ஐ எந்தக் காலத்திலும் செலவழித்ததில்லையே, செலவழிக்காததை எப்படி மிச்சம் பிடிக்க முடியும்?

போக்குவரத்துப் பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது, பாதி விதி. கட்டணம் குறைந்ததால் புதிதாகக் கிளம்பும் பயணத்துக்கு, எவ்வளவு குறைந்ததோ அதில் பாதியைப் பயனாக வைத்துக்கொள் என்கிறது. ஒரு ரூபாய் குறைத்திருந்தாலே கிளம்பியிருப்பவர் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுக் கட்டணமும் லாபம். சுத்தமாக இலவசம் என்றால்தான் கிளம்புவேன் என்பவருக்கு லாபம் துளிதான். எல்லோரையும் சேர்த்தால் ஏறக்குறைய நடுவில் நிற்கும். அதன்படி எங்கள் உதாரணத்தில் சராசரி 400. கணக்கு இதைப் பலகை இல்லாததால் ஜன்னல் கண்ணாடியில் விரலால் வரைந்து காட்டினான். அழகான முக்கோணம்.

பேங்க் அக்கா கேட்டார்: "பொண்ணு அம்மாவைப் பாத்துட்டு வர்றதுக்குப் பாதி டிக்கெட்டா விலை?"

"அது விலை இல்லக்கா, குறைஞ்சபட்ச..."

"முக்கோணம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் இல்லங்கல."

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முடிவு. படிவத்தைத் திருத்தினேன். இனிமேல் கேட்போம். விட்டுப்போன 41 பேரில் 26 பேர் போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். சென்னை போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது நான். யாரும் சொல்லவில்லை, நானே கை தூக்கினேன்.

வெள்ளி, வேதாரண்யம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே. வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு. சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து கிளம்பியிருக்கிறது. நெல் நிற்கும்போதே விதைத்துவிடுவார்கள் என்றான் மன்னார்குடி. ரோட்டோரம் நெல் காய்கிறது. கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். வண்டி ஓட்டுபவர்கள் இன்னும் தூரத்தை மரத்தை வைத்துச் சொல்கிறார்கள்: "அங்க ஒரு பெரிய புளியமரம் இருந்துச்சு, அதாண்ட திரும்பணும்." இல்லாத மரத்தில் திரும்பக் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் போனது ரூட் பஸ். இதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. பக்கத்து சீட்டு அம்மாவின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். "அங்க தூர பஸ்ஸும் பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாமே. நம்மகிட்ட டவுன் பஸ் மட்டும்தான?" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தபோது மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தெலங்கானாவும் அப்படியே செய்தது. ஆனால் அங்கே அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே அட்டை வேண்டாம், தூரம் போக முடியாது. எது மேல் என்று என்னைக் கேட்டால், அட்டை வேண்டாம் என்பேன். அந்த அம்மா தூரம் என்றார். அவசரமில்லாத நாளில் டவுன் பஸ்ஸாகப் பார்த்து இறங்கி ஏறி இறங்கி ஏறி நாகை போய்ச் சேர்வாராம். "பொழுதுதான் போவும். காசு போவாது."

அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண். நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குள் இறங்கினோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே வரும் 37 கிலோமீட்டர் ரயில் பாதை அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் திறந்தது. நாங்கள் நின்ற நேரத்தில் தண்டவாளத்தில் ஆடு நின்றுகொண்டிருந்தது.

உப்பள வரப்பில் ஒரு அம்மா. பேச்சு இப்படிப் போனது.

"வேலைக்குப் போறீங்களாம்மா?"

"இல்ல பாப்பா. சும்மா வீட்டுலதான்."

டேப்பில் 'இல்லத்தரசி' தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் கையைப் பார்த்தேன். உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளையாக வெடித்து, விரல் இடுக்கில் சின்னச் சின்னப் புண். குதிகால் இரண்டும் பிளந்து, அதற்குள்ளும் உப்பு.

"உப்பளத்துக்குப் போவீங்களா?"

"அதுக்குப் போவேன். சீசன் வந்தா டெய்லி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"நூறு நாள் வேலை?"

"குடுத்தா போவேன்."

"ஆடு மாடு?"

"நாலு ஆடு நிக்குது. அது என்ன வேலை?"

பின்னால் போகும் பொத்தானை அமுக்கி இல்லத்தரசியை அழித்தேன். எங்கள் பேராசிரியர் வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்: வேலை பார்க்கிறீர்களா என்று பெண்ணிடம் கேட்காதே, நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கேள்வித்தாளில் எழுதும்போது மறந்துவிட்டேன்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் சிரித்தார். விடிகாலை மூன்றரைக்கு உப்பளத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, உப்பின் வெளிச்சமே கண்ணைக் குத்தும். மூன்றரைக்கு எந்த டவுன் பஸ் வரும்? ஆள் பிடிப்பவரின் குட்டி யானைதான். அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். இலவசப் பஸ்ஸில் அவர் போவது ஆஸ்பத்திரிக்கும் மகள் வீட்டுக்கும் மட்டும். எந்த ஊர்ப் பஸ்ஸும் ஆபீஸ் நேரத்துக்கு ஓடுகிறது. உப்பு நேரத்துக்கு ஒன்றும் ஓடக் காணோம்.

ராத்திரி உப்புமா. யாரும் ஜோக் அடிக்கவில்லை, அவ்வளவு அலுப்பு.

சனி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே

புதன்கிழமை உறுத்தலுக்காக ஒரு நாளை ஒதுக்கினோம். திட்டத்தில் இல்லாத நாள். மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நடை பஸ். காலை நடை போய்விட்டால் அடுத்தது மத்தியானம். நடுவில் தனியார் மினிபஸ் ஒன்று. 1997இல் மினிபஸ் திட்டம் வந்ததே இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான். ஆனால் அதில் பெண்களுக்கும் டிக்கெட்.

பஸ்ஸுக்குள் ஏறாமல் நிழற்குடையில் உட்கார்ந்தோம். காலை பத்திலிருந்து இரண்டு வரை அந்த வழியாகப் போன பெண்களிடம் மட்டும் கேட்டோம். மெயின் ரோட்டுக்கு நடப்பவர்கள், மினிபஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுபவர்கள், மகன் பைக் எடுத்து வரக் காத்திருப்பவர்கள். பதினொரு பேர்தான் கிடைத்தார்கள். அதில் ஒருவர், தலையில் புல்லுக்கட்டு, நிற்காமலே சொல்லிவிட்டுப் போனார்:

"நல்ல திட்டந்தான் பாப்பா. பஸ்ஸுதான் இல்ல."

ஞாயிறு, கூட்டம்

க்ளையன்ட்டின் சின்ன அலுவலகம். துறையிலிருந்து ஒரு அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருந்தார். நாங்கள் ஸ்லைடு போட்டோம். ஒரே எண்ணுக்குப் பதில் இரண்டு: முன்பும் போனவர்களுக்கு மிச்சம் எவ்வளவு, முன்பு போகாதவர்கள் இப்போது எத்தனை பயணம் போகிறார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட மாட்டோம் என்று பேங்க் அக்கா தெளிவாகச் சொன்னார்.

தொண்டு நிறுவனத்து மேலாளருக்கு வருத்தம். "ரெண்டு நம்பர் போட்டா பேப்பர்ல எதைத் தலைப்பா போடுவாங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவர் நன்கொடையாளர்களிடம் போய் நிற்க வேண்டும். முக்கோணத்தைக் காட்டி அங்கே பணம் வாங்க முடியாது.

அதிகாரியைப் பற்றி எனக்கு ஒரு முன்முடிவு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நல்ல செய்தி மட்டும் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசி ஸ்லைடுக்குப் போகச் சொன்னார்.

"இந்தப் பதினோரு பேரு. இது மட்டும் ஏன் பதினொண்ணு?"

பஸ்ஸில் ஏறியவர்களிடம்தான் கேட்கத் திட்டமிட்டோம், அது ஒருநாள் கூடுதலாகச் செய்தது என்றேன்.

"பஸ்ஸுல ஏறினவங்களைப் பத்தி எங்ககிட்ட டிக்கெட் கணக்கு இருக்குங்க. எந்த ரூட்டு, எந்த ட்ரிப்பு, எத்தனை பேருன்னு தினமும் வருது. எனக்குத் தெரியாதது இந்தப் பதினொண்ணுதான். எந்த ஊர்ல எந்த நேரத்துக்கு ஒரு நடை கூட்டலாம்னு கேட்டா இத வெச்சு என்ன சொல்வீங்க?"

ஒன்றும் சொல்ல முடியாது. பதினொரு பேரை வைத்து ஒரு நடை பஸ்கூடக் கேட்க முடியாது. மூன்று மாதம் கேள்வித்தாள் எழுதியபோது, க்ளையன்ட்டுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏப்ரலில் இன்னொரு தடவை வருவோம், இந்த முறை பஸ் ஸ்டாப்பிலும் வீட்டு வாசலிலும் கேட்போம் என்று கணக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். செலவை யார் தருவது என்று மேலாளர் பேச்சை எடுத்தார். டீ வந்தது. ராத்திரி ரயில்.

திங்கள், சென்னை

ஹாஸ்டல் மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி நிழல். 26 நம்பர்களில் காலையிலிருந்து பதினேழு கூப்பிட்டேன். ஐந்து எடுக்கவில்லை, இரண்டு தப்பு நம்பர், ஒன்றில் கணவர் எடுத்து எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல ஆரம்பித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பதினெட்டாவது, புதன்கிழமை நாகூர் பஸ்ஸில் பார்த்தவர். வாரா வாரம் அம்மா வீட்டுக்குப் போய் வருபவர். ஞாபகம் வைத்திருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சுக்கா. முன்னாடி அம்மா வீட்டுக்கு ஏன் போனதில்லன்னு..."

"போனதில்லன்னா, தீபாவளி பொங்கலுக்குப் போவோம். எல்லாரும் சேந்து. தனியா போனதில்ல."

பதில்களைப் படித்தேன். பஸ் வசதி இல்லை, நேரமில்லை, பாதுகாப்பில்லை, பணமில்லை, மற்றவை.

"பணம் இல்லாததாலயாக்கா?"

"பணமா? போவவர பத்துப் பதினஞ்சு ரூபா. அது இல்லாமயா போச்சு." கொஞ்ச நேரம் பின்னால் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. "கேக்கணும்ல."

"யார்கிட்டக்கா?"

"நீ வேற பாப்பா. பஸ் வந்துருச்சு, வெக்கறேன்."

'மற்றவை' தட்டி, அது கேட்ட கட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.